பாட்டில்காரர் வீட்டுக் கட்டி

அவர் பாட்டில் ஷாம்பு கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. அவர் தலைக்குள் போன சீப்பு ஒன்று இன்னும் திரும்பவில்லை என்று தெருவில் பேச்சு. அவ்வளவு அடர்த்தி! எல்லாம் மனைவி வீட்டிலேயே செய்து விற்கும் ஷாம்புக் கட்டியின் உபயம். கம்பெனிக்குத்தான் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. ஜன்னல் வழியே பார்த்தவர் மனைவியிடம் ஓடினார்.

"ஏய், எங்க மேனேஜர்! அலமாரியில இருக்கிற கட்டியெல்லாம் ஒளிச்சு வை. பார்த்தார்னா என் வேலைக்கு வேட்டு வச்சுடுவார்!"

"பார்க்கட்டுமே. என் கட்டி என்ன திருட்டுப் பொருளா?" என்றாள் மனைவி, அசையாமல்.

அவரே ஓடிப்போய் ஷாம்புக் கட்டி, கண்டிஷனர் கட்டி எல்லாவற்றையும் கதவுக்கு உள்பக்கம் கிடந்த தன் ஷூக்களுக்குள் திணித்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

மேனேஜர் ஓரடி பின்வாங்கினார்.

"இது... உங்க வீடா?"

"ஆமா சார். எங்க வீட்ல எப்பவும் நம்ம பாட்டில்தான் சார்! வேற எதையும் கையால தொடமாட்டோம்."

"எங்க வீட்லயும் அப்படித்தான்" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார் மேனேஜர். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன். அப்ப கிளம்பறேன்."

குரல் கேட்டு மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அட, வாங்க சார்! நான் சொன்ன அடையாளத்தை வச்சு வீட்டைக் கண்டுபிடிச்சுட்டீங்களே! போன தடவை சந்தையில என்கிட்ட வாங்கின கட்டி அதுக்குள்ள கரைஞ்சுபோச்சா? ஈரத்துல வைக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

இரண்டு ஆண்களும் ஒருவர் தலைமுடியை ஒருவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டார்கள்.

"கண்டிஷனர் கட்டியும் ஒண்ணு வேணும்மா" என்றார் மேனேஜர், ஈனக்குரலில்.

"அதுக்கென்ன சார், இவர் ஷூவுக்குள்ளதான் இருக்கு. எடுத்துக்குங்க."