சௌக்கியம் சொல்லாத சர்வர்

ஒரு கம்பெனியின் ஏசி அறையில் இரண்டு கணினி சர்வர்கள் இருந்தன. தினமும் அவற்றை நலம் விசாரிப்பது ஒரு சின்னச் சோதனைக் கருவியின் வேலை. அதற்கு எழுத்து மட்டுமே வாசிக்கத் தெரியும்.

"சௌக்கியமா?" என்றால் முதல் சர்வர், "சௌக்கியம்ணே!" என்று கணீரெனச் சொல்லும். இரண்டாவது சர்வர், ஒன்றும் சுழியமுமான பைனரியில்தான் பேசும். கருவிக்கு அது வெறும் கட்டமும் கிறுக்கலுமாகத் தெரியும்.

"பாவம், அதுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு" என்று கருவி மேலிடத்தில் சொல்லிவைத்தது. இரண்டாவது சர்வரின் வயரைப் பிடுங்கிவிட்டார்கள்.

மறுநாள், முதல் சர்வரிடம் தகவல் கேட்டு வந்தவர்கள் எல்லோரும் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

"உனக்கு என்னப்பா ஆச்சு?" என்று கருவி பதறியது.

"எனக்கென்ன, சௌக்கியம்தான். கேட்டதையெல்லாம் எனக்கு எடுத்துக் கொடுத்தது பக்கத்துல இருந்த அவன்தாண்ணே."

"நேத்தே சொல்லக் கூடாதா?"

"நீங்க என் சௌக்கியத்தைத்தானே கேட்டீங்க?"

கருவி இருண்டு கிடந்த அடுத்த சர்வர் பக்கம் திரும்பி, "சௌக்கியமா?" என்றது.

கிறுக்கல்கூட வரவில்லை.