ஐந்து பாஸ்போர்ட்

ஷார்ஜாவில் பழைய வண்டி விற்கும் மீரானிடம் அந்தக் கேரவன் மூன்று மாதமாக விலைபோகாமல் நின்றது. 1991 மாடல் என்றாலும் உள்ளே தோல் சோபா, தேக்குக் கட்டில், குளியலறை எல்லாம் உண்டு. அதைப் பார்க்க, ஓர் அரபி வீட்டு டிரைவர் முனியசாமி வந்தான்.

சோபாவை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏசியைப் போட்டுவிட்டு அரைமணி நேரம் அதன் கீழேயே நின்றான்.

"இது நிக்கவே கூடாது பாய். போன வருஷம் சவூதி போற வழியில ஏசி நின்னு ஒரு உசுரு போயிருச்சு. எங்க முதலாளி, அரபாப், மூணு நாள் சரியாச் சாப்பிடல."

மீரான் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தத் தடவை எத்தனை பேரு?"

"அஞ்சு."

"கட்டில் ரெண்டுதானே இருக்கு?"

"கட்டில், சோபா எல்லாத்தையும் கழட்டிருங்க. குறுக்கால ஒரு கட்டை மட்டும் அடிச்சுக் குடுங்க, போதும்."

ஆட்களை அந்தக் கட்டையைப் பிடித்தபடி நிற்க வைத்துக் கள்ளத்தனமாக எல்லை தாண்டப் போகிறான் என்று மீரான் முடிவு கட்டினார்.

"தம்பி, இந்த வேலைக்கு நான் வண்டி தரமாட்டேன். பார்டர்ல மாட்டினா என்னையும் சேர்த்து உள்ள போட்டுருவான்."

"ஏன் மாட்டணும்? எல்லாருக்கும் பாஸ்போர்ட் இருக்கே."

முனியசாமி பையிலிருந்து ஐந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினான். மீரான் ஒன்றைப் பிரித்தார். போட்டோ இல்லை. இனம்: ராஜாளி. கீழே, பறவையின் கால் வளையத்தின் எண்.

மீரானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேட்டைப் பறவைக்கா இவ்வளவும்? சரி, உன் பாஸ்போர்ட் எங்கே?"

"அது அரபாப்கிட்ட. பார்டர்ல குடுப்பாரு, தாண்டினதும் வாங்கி வச்சுக்குவாரு" என்றபடி, முனியசாமி ஐந்தையும் பத்திரமாகப் பைக்குள் வைத்தான்.