கன்னத்துத் தடிப்பு

அல்சூர் டாக்டர் வீட்டு வாசலில் ஜட்கா வண்டியை விட்டு இறங்கியதுமே ராயப்பன் ஆரம்பித்துவிட்டார்.

"குழந்தைக்கு மாம்பழம் ஆகாதுன்னு சொன்னீங்களே டாக்டர், இவ கேக்கல. திருட்டுத்தனமா தின்னுட்டுப் பால் கொடுக்கறா." சொல்லிவிட்டு, கையிலிருந்த பேரனுக்கு ஆசையாய் முத்தம் கொடுத்தார்.

மருமகள் பிலோமினாவுக்குக் கண் கலங்கியது. "மாதா மேல சத்தியமா நான் தொடல டாக்டர்."

டாக்டர் குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடம்பில் ஒன்றுமில்லை. கன்னத்தில் மட்டும் தடிப்பு.

"பாலால வந்திருந்தா கன்னத்தோட நிக்காது. மாம்பழம் தின்ன வாயால யாரோ முத்தம் கொடுத்திருக்காங்க."

பிலோமினா யாரையும் பார்க்காமல் தலை குனிந்தாள்.

டாக்டர் மெதுவாகக் கேட்டார். "மிஸ்டர் ராயப்பன், உங்க சர்க்கரை வியாதிக்கு மாம்பழமே கூடாதுன்னு சொல்லியிருந்தேனே?"

ராயப்பன் மீசையைத் துடைத்துக்கொண்டு, பேரனை மருமகளிடம் நீட்டினார்.