வங்கக்கடல் நண்டு

"இன்னிக்கும் வந்துட்டான்," என்று போனை நீட்டினாள் சாபிரா.

‘வங்கக்கடல் நண்டு’ என்ற பெயரில் ஒளிந்துகொண்டு, அவளுடைய சமையல் சேனலுக்குக் கீழே எவனோ தினமும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். புளி தூக்கல், குடிச்சவனுக்கு போதை தெளியும் என்று ஒரு நாள். இது இறாலா ரப்பரா என்று ஒரு நாள். அதைப் படித்துச் சிரிக்க ஒரு கூட்டம் வேறு. காலடிப்பேட்டையில் வளைகாப்புக்குச் சமைக்கச் சொல்லியிருந்தவர்கள்கூட, கமெண்ட்டைப் பார்த்துவிட்டு நழுவிவிட்டார்கள்.

சுஃபியானுக்கு ரத்தம் கொதித்தது. எண்ணூரில் தான் வேலை பார்க்கும் கண்டெய்னர் யார்டு முழுவதையும் பிடித்து இழுத்து, மனைவியின் சேனலில் சேர்த்துவிட்டவன் அவன்.

"ஆளு மட்டும் தெரியட்டும், சங்குதான். உன் கைப்பக்குவம் அந்தக் கஸ்மாலத்துக்கு இன்னா தெரியும்?"

சாபிரா சேனலையே மூடிவிடலாம் என்றுதான் இருந்தாள். அப்போதுதான் பொறி தட்டியது. வீடியோவில் நிறம் தெரியும், எண்ணெய் மிதப்பது தெரியும். புளி தூக்கல் என்பது நாக்கில் வைக்காமல் எப்படித் தெரியும்? பாவி, தின்றுவிட்டுத்தான் திட்டுகிறான்.

அவள் சமையல் வழக்கமாகப் போவது மூன்று இடத்துக்கு. நாத்தனார் உமைமா, எதிர்வீட்டு ஜானட், கணவனின் டிபன் டப்பா.

மறுநாள் சங்கரா மீன் குழம்பு. உப்புப் போடும் முன்பே குழம்பை மூன்றாகப் பிரித்துவிட்டு, வீடியோவை ஏற்றினாள். நாத்தனாருக்குப் போனதில் புளியைக் கரைத்து ஊற்றினாள். ஜானட்டுக்குப் போனதில் மிளகாய்த்தூளைக் கொட்டினாள். கணவன் டப்பாவில் உப்பே போடவில்லை.

மத்தியானமே நண்டு வந்தது.

"உப்பே இல்ல. பக்கத்துலதான் கடல் கீது, ஒரு சொம்பு மொண்டு ஊத்தக்கூடாதா?"

உப்பில்லாமல் போனது கணவன் டப்பா மட்டும்தான். உமைமா என்றால் அடுத்த பெருநாள் வரை பேசாமல் இருக்கலாம். ஜானட் என்றால் குழாயடியில் தீர்த்துக்கொள்ளலாம். இதை எங்கே போய்ச் சொல்ல?

சாயங்காலம் சுஃபியான் செருப்பைக் கழற்றுவதற்குள் போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"நீங்கதானே இது?"

"அல்லா சத்தியமா நான் இல்ல. இன்னிக்குக் கொழம்பு உப்பு, காரம் எல்லாம் கச்சிதமா இருந்துச்சே. எவனோ வாயில வெக்காமயே எழுதிக்கினு கீறான்."

"உங்க டப்பாவுல ஒரு கல்லு உப்புகூட நான் போடலீங்க."

சுஃபியான் செருப்போடு வாசற்படியில் உட்கார்ந்தான். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கல்யாணம் ஆன புதிதிலிருந்தே மத்தியானம் அவனுக்கு யார்டு வாசல் பரோட்டாதான். டப்பாவை வழித்துத் தின்பது கிரேன் ஓட்டும் உச்சிமாகாளி.

சொல்லி முடித்ததும்தான் அவனுக்கே உறைத்தது.

"அப்போ அந்த உச்சிமாகாளிதான் நண்டா? நாளைக்கு அவன இன்னா பண்றேன் பாரு."

"அந்த அண்ணன் மேல கைய வெச்சீங்க, நடக்கறதே வேற," என்றாள் சாபிரா. "இத்தினி வருசமா நான் உங்களுக்குக் கட்டிக் குடுத்த சோத்தைத் துன்னது அவரு ஒருத்தருதான்."