வெயில் வராத பக்கம்

"இதைவிடக் குளிரா வேற வீடு இருக்கா?"

வீட்டுத் தரகருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

அந்த மலையூரில் தெருவுக்கு இரண்டு பக்கம். ஒன்று வெயில் பக்கம், இன்னொன்று நிழல் பக்கம். வெயில் பக்கத்து வீடு காலியானால் போதும், அடிதடி. நிழல் பக்கத்து வீட்டைத் தள்ளிவிடத்தான் தரகர் படாத பாடு படுவார். நடுப்பகலில் அங்கேயும் கொஞ்ச நேரம் வெயில் எட்டிப் பார்க்கும். அந்த நேரமாகப் பார்த்து ஆட்களைக் கூட்டிப் போய், "பாருங்க, ஹால்ல எப்படி வெயில் அடிக்குது!" என்பார்.

இன்றைக்கும் அதே பாட்டைத்தான் பாடினார். வீடு தேடி வந்த அந்தம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"வெயில் வருமா? அப்ப வேண்டாம்."

"வெயிலே வராத வீடு கடைசியில ஒண்ணு இருக்கு. ஆனா அதுல யாரும் தங்க மாட்டாங்கம்மா."

"அதைக் காட்டுங்க."

கடைசி வீட்டில் சுவரைத் தொட்டாலே விரல் விறைத்தது. அந்தம்மா ஒவ்வொரு அறையாகத் திருப்தியோடு பார்த்தாள். பின்னாலேயே அவளுடைய கணவர் மூச்சு வாங்க வாங்கப் படியேறி வந்து, சுவரில் சாய்ந்து இருமினார். கல்லூரி வயசு மகள் ஒரு ஓரமாக நின்றாள். அவளுக்கு வாய் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை.

"சாருக்கு இழுப்பு இருக்கும் போலிருக்கே?" என்றார் தரகர்.

"சின்ன வயசுலேருந்தே இருக்கு. போகப் போகப் பழகிடும்" என்றாள் அந்தம்மா.

பழகிடுமாமே! தரகருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளுக்குப் புருஷன்மேல் அப்படி என்ன கோபம்? பாவம், அந்த மனுஷன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்கிறாரா பார்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் அந்தம்மா. "கோடையிலயாவது இங்க ஜனங்க மப்ளர், குல்லாவெல்லாம் எடுத்துடுவாங்களா?"

இதென்ன கேள்வி?

"வெயில் பக்கத்துல ரெண்டு மாசம் எடுப்பாங்க. இந்தப் பக்கத்துல எங்கம்மா எடுக்கிறது? வருஷம் பூரா மூட்டைதான்."

"கடை கண்ணிக்குப் போனாக்கூட?"

"கடைக்காரரே மூட்டைதான்!"

அந்தம்மா சிரித்துவிட்டாள். காலையிலிருந்து இப்போதுதான் சிரிக்கிறாள்.

"அம்மா, நான் கடை வரைக்கும் போயிட்டு வரட்டுமா?" என்றாள் மகள்.

"தனியாவா?"

"ம்."

அந்தம்மா கணவரைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். மகள் கதவைத் தாண்டியதுதான் தாமதம், அந்தம்மா ஜன்னலுக்கு ஓடிப்போய்க் கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்றுகொண்டாள்.

புருஷனைக் குளிரில் போட்டு வாட்டுவது போதாதென்று, பெற்ற பெண்ணையும் வேவு பார்க்கிறாளே என்று நினைத்தார் தரகர். இதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை. கணவரை மெல்லப் பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"சார், நிழல் பக்கத்து வீட்டை வேண்டாம்னு நானே சொல்றது இதான் முதல் தடவை. இந்த வீடு உங்களை உருக்குலைச்சிடும். வெயில் பக்கத்துல ஒண்ணு கைவசம் இருக்கு. அம்மாகிட்ட நான் பேசறேன்."

"அவகிட்ட எதுக்குப் பேசறீங்க? இந்த ஊரைத் தேடிப் பிடிச்சதே நான்தான்."

"நீங்களா?"

"ஊர் ஊரா அலைஞ்சோம். ஒரு இடத்துல மழைக்காலம் மட்டும்தான் குளிர். இன்னொரு இடத்துல பொழுது சாஞ்சாத்தான் குளிர். பகல்ல எல்லாரும் வெறும் சட்டையோட திரியறாங்க. அவதான் என் நெஞ்சுக்கு ஆகாதுன்னு வீட்டுல தினம் சண்டை போட்டா. இன்னைக்குத்தான் மனசைக் கல்லாக்கிக்கிட்டு வந்திருக்கா."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"போகவே கூடாதுன்னார்" என்று சொல்லிவிட்டு இருமினார் அவர். இருமல் அடங்கியதும், அந்த அறை ஜன்னலைத் திறந்து தெருவைக் காட்டினார்.

"என் பொண்ணு எங்க போறா, தெரியுதா?"

தரகர் எட்டிப் பார்த்தார். கீழே ஐந்தாறு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லாரும் தலையிலிருந்து கால்வரை கம்பளி. கண் மட்டும்தான் வெளியே.

"எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்களே சார். அடையாளம் தெரியலை."

"சரி, காலையிலேருந்து நம்ம கூடவேதானே கார்ல வந்தா? அவ முகம் எப்படி இருக்கும், சொல்லுங்க."

தரகர் யோசித்தார். எவ்வளவு யோசித்தும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மகளை மதிக்கவில்லை என்று அவர் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று கூச்சமாகிவிட்டது.

"மன்னிச்சுக்குங்க சார், எல்லாரையும் போல அவங்களும் மூட்டையாத்தானே வந்தாங்க, நான் கவனிக்கலை."

அவர் தரகரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"அடுப்பு வெடிச்சு அவ முகம் வெந்துபோனதுலேருந்து, அவளைக் கவனிக்காத முதல் மனுஷன் நீங்கதான் சார்."