எட்டு வீட்டு வை-ஃபை

"ஸ்பீக்கர் காதுல மட்டும் இது விழவே கூடாது. விழுந்தா, சீட்டு கிடைக்குதோ இல்லையோ, ஊரெல்லாம் தெரிஞ்சுடும்."

அப்பா இதைச் சொல்லாத நாளில்லை.

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்?" என்று அம்மா முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஸ்பீக்கர் என்பது மேல் மாடி அக்கா. அவர் பேசினால் எட்டு வீட்டுக்கும் கேட்கும். அவர் காதில் விழுந்தது எட்டு வீட்டுக்கும் போய்விடும்.

விஷயம் இதுதான். இன்று காலை பத்து மணிக்கு நர்சிங் கல்லூரியின் இணையதளம் திறக்கும். யார் முந்துகிறார்களோ அவர்களுக்கு இடம். போன வருஷமும் பாப்பா பட்டனை அமுக்கினாள். திரையில் வட்டம் சுற்றிச் சுற்றி ஓய்ந்தபோது இடமெல்லாம் தீர்ந்திருந்தது. இந்த வருஷமும் கோட்டை விட்டால் படிப்புக்கு முழுக்கு. சித்தப்பா கடையில் பில் போடப் போக வேண்டியதுதான்.

அந்தக் கட்டடத்துக்குள் போன் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது. எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே வை-ஃபை. பெட்டி இருப்பது கீழ் வீட்டுக் கண்ணாடிக் கடைக்காரரிடம்.

"பாரு, இப்பவே நகரல." அப்பா தன் போனைக் காட்டினார். மேட்ச்சில் பந்து வீச ஓடி வந்தவன் பாதி வழியில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான். "மேல ஸ்பீக்கர் சீரியல் பார்க்குது. இருக்கிற நெட்டையெல்லாம் அதுவே உறிஞ்சுது."

"போய் ஒரு வார்த்தை கேட்டுத்தான் பாருங்களேன்," என்றாள் அம்மா.

அப்பா மாடியேறினார். உண்மையைச் சொல்ல முடியுமா?

"பத்து மணிக்கு எனக்கு ஆபீஸ் மீட்டிங். கொஞ்ச நேரம் உங்க போனை ஓரமா வச்சா நல்லாயிருக்கும்."

"உங்க மீட்டிங்குக்கு நான் எதுக்கு சார் வைக்கணும்?"

கதவு சாத்திக்கொண்டது.

அப்பா கடுகடுவென்று திரும்பி வந்தார். "சுயநலம் புடிச்ச ஜென்மம். தன் சீரியல் ஓடினா போதும், அடுத்தவன் எக்கேடு கெட்டா என்ன?" மேட்ச் சத்தத்தை மட்டும் அணைத்துப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மணி பத்தானது. ஓடிபி வந்தால் பிடிக்க அம்மா தன் போனோடு மொட்டைமாடிக்குப் போயிருந்தாள். சிக்னல் இரண்டு கோடாவது வருவது அங்கேதான்.

பாப்பா பட்டனை அமுக்கினாள்.

பக்கம் சட்டென்று திறந்தது.

"அப்பா, திறந்துடுச்சுப்பா."

"பேசாதே. டைப் பண்ணு, டைப் பண்ணு."

பெயர் ஏறியது. மதிப்பெண் ஏறியது. இந்த வீட்டில் ஒரு போட்டோ ஏறுவதற்குள் சட்டி பானை கழுவி முடித்துவிடலாம். இன்று கண் மூடித் திறப்பதற்குள் அதுவும் ஏறிவிட்டது. சந்தோஷத்தில் அப்பாவுக்கு நின்ற இடத்தில் கால் தரிக்கவில்லை.

"நான் போட்ட போடுல மேல அடங்கிடுச்சு பார்த்தியா?"

திரை ஓடிபி கேட்டது. பக்கத்தில் நொடிகள் குறைந்துகொண்டே வந்தன.

"அம்மா, நம்பர் சொல்லும்மா." பாப்பா ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினாள்.

மேலிருந்து அம்மாவின் குரல் காற்றில் பாதி, தெரு இரைச்சலில் பாதி போய், முனகலாக வந்து சேர்ந்தது.

"போச்சு, ஒண்ணும் கேட்கலையே." அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்போது படிக்கட்டே அதிர்ந்தது.

"நாலு, ஏழு, ரெண்டு. பாப்பா, கேட்குதா? ஒம்பது, ஒம்பது, ஒண்ணு."

அது யார் குரல் என்று சொல்லவே வேண்டாம். பாப்பா அடித்தாள். வட்டம் ஒரே ஒரு சுற்று சுற்றியது.

'உங்கள் இடம் உறுதி செய்யப்பட்டது.'

பாப்பா அப்பாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அப்பாவும் வயசை மறந்து குதித்தார். அம்மாவிடம் சொல்ல இருவரும் கதவைத் திறந்துகொண்டு ஓடினால், படிக்கட்டு நிறைய ஆள். மற்ற வீட்டுக்காரர்கள் அணைத்த போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கார்ட்டூன் பறிபோன ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"கிடைச்சுதா பாப்பா?" ஸ்பீக்கர் அக்காவுக்கு மூச்சிரைத்தது.

"உங்களுக்கு எப்படி..." அப்பா இழுத்தார்.

பின்னாலேயே இறங்கி வந்த அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "துணி காயப் போடறப்ப வாய் தவறி வந்துடுச்சுங்க. ஆனா இவங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்."

"நானும் 'உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்'னு சொல்லித்தான் ஒவ்வொரு வீட்டுலயும் சொன்னேன்," என்றார் அக்கா. "பத்து மணிக்கு எல்லாரும் நெட்டை அணைச்சுடணும், பாப்பா சீட்டு முடியற வரைக்கும் தொடக் கூடாதுன்னு."

"அப்ப, நான் வந்து கேட்டப்ப?"

"மீட்டிங்குக்குன்னா நான் வைக்க மாட்டேன் சார். பாப்பாவுக்குன்னா வைப்பேன்."

அப்பா இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டார்.

கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படியேறி வந்தார். "எல்லாரும் அணைச்சோம்னுதான் சொல்றீங்க. கம்ப்யூட்டர்ல பார்த்தேன். பாப்பாவோடதைத் தவிர இன்னொரு போனும் விடாம வீடியோவை இழுத்துக்கிட்டே இருக்கு. இப்பவும் நிக்கல."

அப்பாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "எந்தச் சுயநலம் புடிச்ச ஜென்மம் அது? ஒரு பொண்ணோட வாழ்க்கைங்க. கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சா குறைஞ்சா போயிடும்?" என்று ஆத்திரத்தில் நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

கை சுட்டது.

சட்டைப் பையிலிருந்து போனை மெல்ல வெளியே எடுத்தார். குடிவந்த நாளிலிருந்து மேட்ச் இவ்வளவு தெளிவாக ஓடி அவர் பார்த்ததே இல்லை.