பம்பாய் சேர்

மரியாதையின் விலை எழுபத்திரண்டு ரூபாய், லாரி வாடகை தனி. அந்த விலைக்குத்தான் பால்துரை தன் தீப்பெட்டிக் கம்பெனி அறையில் இந்த ஆரஞ்சு பிளாஸ்டிக் சேரைப் பம்பாயிலிருந்து வாங்கிப் போட்டிருக்கிறார். ஆணியில்லை, மூட்டில்லை, முதுகும் இருக்கையும் ஒரே வார்ப்பாக, நாலு இரும்புக் காலின் மேல் வெயில் பட்டு மினுங்குகிறது. கணக்கப்பிள்ளையை எதிர்த்துப் பேசியதில், இங்கே தீப்பெட்டி ஒட்டும் மாடத்திக்கு வேலை போய்விட்டது. அவளுக்காகக் கேட்க வந்து நிற்கிறான் புருசன் இருளாண்டி. "உக்காருலே. உன் வம்சத்துலயே இதுல உக்காந்தவன் கிடையாது" என்கிறார் பால்துரை நக்கலாக. முதலாளி முன்னால் உட்காரும் முறைப்படி இருளாண்டி நுனியில் தொற்றுகிறான். சேருக்கு அந்த முறை தெரியவில்லை. வழவழத்த குழிவு அவனை உள்ளே சறுக்கி இழுத்து, முதுகைச் சாய்த்து, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்த்தி வைக்கிறது. பால்துரைக்குக் காது சிவக்கிறது. "என்னலே சாய்மானம்? எந்திலே!" "நானா சாஞ்சேன்? ஒங்க சேருதான மொதலாளி சாய்க்கிது." கக்கத்திலிருந்து நழுவிய துண்டை எடுத்து இருளாண்டி நிதானமாகத் தோளில் போடுகிறான். "மாடத்தியத் திங்கக்கெளம வேலைக்கு வரச் சொல்லுங்க. எந்திரிக்கேன்." பால்துரை மேசையைக் குத்திக்கொண்டு எழுந்து நிற்கிறார். அறையில் நிற்பவர் ஒருவர், உட்கார்ந்திருப்பவர் ஒருவர். கணக்கு அப்படியேதான் இருக்கிறது, ஆள்தான் மாறியிருக்கிறது. 'வரட்டும்' என்று மாடத்திக்கு ஒரு வார்த்தைதான் பாக்கி.